மாயக் கதைகளும் மாறும் சுவையும்



ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள் மாலை, எங்கள் வீட்டு விறாந்தையிலே சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருந்தபடி என் பேர்த்தி ஒரு தடித்த ஆங்கில நூலைப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பொழுது அவளுக்கு வயது பதினாறு. தேநீர் அருந்த அவள் உள்ளே சென்ற வேளையில், கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த நூலை எடுத்து, திறந்திருந்த பக்கத்தைப் படித்தேன். கோட்டைச் சுவர்களில் ஏறி விளையாடும் சிறுவன் ஒருவன், காணத்தகாத காட்சியொன்றைச் சாளரத்தினூடே கண்டுவிடுகிறான். கண்ட குற்றத்துக்காக, மாவீரனெனப் பெயர்பெற்ற ஒருவன் அக்குழந்தையை உயரத்தினின்றும் கீழே தள்ளிவிடுகிறான். அவ்வளவே நான் படித்தது. அவள் திரும்பி வந்ததும், "பிள்ளை, குழந்தையைத் தள்ளிக் கொல்லுகிற கதையெல்லாம் படிக்கிற வயசா உனக்கு? கொண்டுபோய்க் கொடுத்துவிடு" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. அடுத்த நாள் அந்நூல் வீட்டில் இல்லை.

என் சொல் நிறைவேறிற்றென்று மகிழ்ந்திருந்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாள் முதல், படித்த கதையையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டே உறங்கச் செல்பவள் அவள். அந்த வழக்கம் அன்றோடு நின்றுபோயிற்று. அது நின்றதை நான் உணர்ந்துகொள்வதற்கே ஓராண்டு சென்றது. அதன்பின் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

சென்ற விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள், தானாகவே ஒரு சிறு நூலை என் கையிலே தந்தாள். "அம்மப்பா, இதை நீங்கள் படிக்கலாம். இதிலே குழந்தையை ஒருத்தரும் தள்ளிவிடுகிறதில்லை" என்றாள். போர்செய்து களைத்த அரக்கி ஒருத்தி, வாளைச் சுவரிலே மாட்டிவிட்டு, கோப்பி என்றால் என்னவென்றே அறியாத ஓர் ஊரிலே கோப்பிக் கடை திறக்கும் கதை அது. இரண்டு நாளிற் படித்து முடித்தேன்.

குருதி பெருகும் நூலிலே ஆழ்ந்திருந்த பெண், கோப்பி மணக்கும் நூலுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தாள்? வயது ஏறியதனால் அவள் மாத்திரம் மாறினாளா, அன்றி ஆங்கில வாசகருலகத்தின் சுவையே மாறிற்றா? இவ்வினா என்னை விட்டபாடில்லை. ஆகவே சில மாதங்களாக இத்துறை நூல்களைத் தேடிப் படித்து வந்தேன். கண்டவற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

ஆங்கிலேயர் இவ்வகை நவீனங்களை 'எபிக் பான்டஸி' என வழங்குவர். நாம் மாயப் பெருங்கதை என்போம். நாம் வாழும் உலகமல்லாத வேறோருலகம், அதற்கெனத் தனி வரலாறு, மொழி, குலங்கள், மந்திரமும் போரும், முடிக்காக நடக்கும் போட்டி, பெரும்பாலும் மூன்று முதற் பத்துப் பாகம் வரை நீளும் கதை. இவற்றுள் கொடுமையும் துரோகமும் மிகுந்து, நல்லவன் வெல்வான் என்னும் உறுதியை வாசகனுக்கு அளிக்க மறுப்பனவே இருண்ட மாயப் பெருங்கதைகள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டென வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த இவ்வட்டவணை, இன்றைய ஆங்கில வாசகரின் போக்கை அளந்தறிவதற்கும் நல்ல அளவுகோலாகின்றது. கதை ஒன்றுதான்; காலத்துக்குக் காலம் வாசகர் அதனிடத்தே வேண்டும் மெய்ப்பாடே வேறுபடுகின்றது.

முதலில் ஆட்சி செய்தவை மருட்கையும் பெருமிதமும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டொல்கின் எழுதிய 'மோதிரங்களின் அதிபதி' என்னும் பெருநூல், 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. ஆயிரம் பவுண் வரை நட்டமேற்படக்கூடும் என்று எண்ணியே பிரசுரகர்த்தர் அதனை ஏற்றனர். செலவு மீண்டபின் வரும் இலாபத்திற் பாதி ஆசிரியருக்கு என்பது உடன்பாடு. அவ்வுடன்பாடு பேராசிரியரைச் செல்வந்தராக்கிற்று. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மலிவுப் பதிப்புகள் வெளிவந்தபின், பல்கலைக்கழக மாணவர் அந்நூலைக் கையிலேந்தித் திரியலாயினர்.

டொல்கினை இனிய கனவு கண்டவராகச் சிலர் பேசுவர். அது பொருந்தாது. அவர் 1916ஆம் ஆண்டின் சொம் போர்க்களத்திலே நின்றவர். உயிர்த் தோழரிற் பலரை அப்போரிலே பறிகொடுத்தவர். அவருடைய கதைத்தலைவனாகிய புரோடோ, தீமோதிரத்தை எரிமலைவாய் வரை சுமந்து சென்று, இறுதிக் கணத்திலே அதனை எறிய மனமின்றித் தனக்கே உரியதென்கின்றான். உலகம் பிழைத்த பின்பும் அவன் புண் ஆறவில்லை. ஊர் திரும்பியும் ஊரோடு ஒட்ட இயலாதவனாய்க் கடல் கடந்து போய்விடுகிறான். அங்கே இருள் இல்லாமலில்லை. ஆயினும் இருளுக்கு அப்பால் ஒரு ஒழுங்கு உண்டென்னும் நம்பிக்கை நூல் முழுவதையும் தாங்கி நிற்கின்றது. இரண்டு உலக யுத்தங்களைக் கண்டு மீண்ட தலைமுறையும் அதன் பிள்ளைகளும் வேண்டி நின்றது அந்நம்பிக்கையையே போலும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். அதே 1954ஆம் ஆண்டிலே, அமெரிக்கரான போல் அண்டர்சன் 'உடைந்த வாள்' என்னும் நவீனத்தை வெளியிட்டார். வடபுல மக்களின் பழங்கதைகளைத் தழுவிய அந்நூல், விதியும் வஞ்சமும் குலநாசமுமாக முடிவது. இரு நூல்களும் ஒரே ஆண்டிலே பிறந்தன. ஒன்று உலகெங்கும் பரவிற்று. மற்றையதைச் சிலரே போற்றினர். எழுதுவோர் இரு வழியிலும் எழுதினர். வாசகரே ஒருவழியைத் தெரிந்தனர். சுவை மாறுகிறதென்று நாம் பேசும்போது, புதியதொன்று பிறந்துவிட்டதெனக் கருதுவது பிழை. முன்பே இருந்ததொன்றின்பால் மக்கள் திரும்புகின்றனர் என்பதே பெரும்பாலும் உண்மை.

அவ்வாறு மெல்ல மெல்லத் திரும்பிய கதையும் சுவையானது. 1961ஆம் ஆண்டில் மைக்கல் மூர்கொக் என்னும் இளைஞர், பிரித்தானியச் சஞ்சிகையொன்றில் எல்றிக் என்னும் அரசனைப் படைத்தார். உடல்வலியற்ற அவ்வரசன், உயிர்களைக் குடிக்கும் ஒரு வாளின் துணையாலேயே நிமிர்ந்து நிற்பான். அவ்வாளே அவன் காதலியின் உயிரையும் குடித்துவிடுகிறது. வாளேந்திய வீரனைப் போற்றிவந்த கதையுலகிலே, வாளுக்கு அடிமையான வீரன் புகுந்தான்.

1977ஆம் ஆண்டிலே ஸ்டீபன் டொனால்ட்சன் என்பவரின் நூல் வந்தது. இவருடைய தந்தையார் இந்தியாவிலே தொழுநோயாளருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர். இவரும் தம் இளமையை இந்தியாவிற் கழித்தவர். தந்தையார் அந்நோயைப் பற்றிப் பேசக் கேட்டதன் பயனாக, தொழுநோயாளன் ஒருவனையே தம் கதைத்தலைவனாக்கினார். நோயினால் மனைவியும் மகனும் பிரிய, ஊராராலும் ஒதுக்கப்பட்ட அவன், மாயவுலகொன்றுக்கு இழுக்கப்படுகிறான். அங்கே அவன் உணர்விழந்த விரல்கள் உயிர்பெறுகின்றன. இது மெய்யாக இருக்கவியலாது, கனவே என்று கொண்ட மயக்கத்தில், தன்னை ஆதரித்த இளம்பெண்ணுக்கே மன்னிக்கவொண்ணாத கொடுமையைச் செய்துவிடுகிறான். பலர் அவ்விடத்திலேயே நூலை மூடிவிட்டனர். மூடாது தொடர்ந்தோர் கண்டது வேறு: அந்த ஒரு செயலின் விளைவு, பாகம் பாகமாக, தலைமுறை கடந்தும் அவனைத் துரத்துகின்றது. ஆசிரியர் அவனுக்கு எளிதில் விடுதலை தரவில்லை.

1984ஆம் ஆண்டில், மோட்டார் வாகனத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்துகொண்டே எழுதிய கிளென் குக் என்பவர், கூலிப்படையொன்றின் கதையை அப்படையின் வைத்தியன் வாயிலாகச் சொல்லத் தொடங்கினார். அரசரும் மந்திரவாதிகளும் உலகாளப் பொருதுகையில், பிழைப்புக்காகப் போர்செய்யும் எளிய போர்வீரன் என்ன நினைக்கிறான் என்பதே அங்கு பொருள். 1986ஆம் ஆண்டில், பொதுவுடைமையாட்சியின் கீழிருந்த போலந்திலே, அந்திரே சப்கோவ்ஸ்கி ஒரு சஞ்சிகையின் சிறுகதைப் போட்டிக்கு எழுதிய கதையில், கூலிக்குப் பேய்விலங்கு வேட்டையாடும் ஒருவன் தோன்றினான். அவன் சந்திக்கும் விலங்குகளைவிட மனிதரே பெரும்பாலும் கொடியோர். இவையெல்லாம் இன்று பெரும்பெயர் பெற்றிருப்பினும், அன்று சிறு கூட்டத்தினருக்கே உரியனவாயிருந்தன.

பின்னர் 1996ஆம் ஆண்டு வந்தது. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய பெருங்கதையின் முதற்பாகம் வெளியாயிற்று. என் பேர்த்தியின் கையிலே நான் கண்டது அதுவே. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை அலைக்கழித்த ரோசாப்பூப் போர்களை நினைவூட்டும் கதை. வாசகன் தலைவனெனக் கொண்டு பின்பற்றிய நேர்மையாளர், முதற்பாகம் முடியுமுன்னரே சிரச்சேதம் செய்யப்படுகிறார். நேர்மையே அவரைக் கொன்றது. மாயப் பெருங்கதையிலே தலைவனுக்கு இருந்த காப்புக் கவசத்தை மார்ட்டின் கழற்றி எறிந்துவிட்டார். அடுத்த பக்கத்தில் எவரும் மாளலாம் என்னும் அச்சம், வாசகனைப் பக்கந்தோறும் பற்றிக்கொண்டது. அவர் செய்த மற்றொரு வேலை நுட்பமானது. குழந்தையைத் தள்ளிய அந்த வீரனின் உள்ளத்தை, 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பாகத்திலே திறந்து காட்டினார். நாம் வெறுத்தவனுக்காக நம் நெஞ்சே இளகுகிறது. இளகியதற்காக நாமே வெட்கப்படுகிறோம்.

2011ஆம் ஆண்டிலே இக்கதை தொலைக்காட்சி நாடகமாகி, 2019ஆம் ஆண்டுவரை எட்டுப் பருவங்களாக ஓடிற்று. சிறு கூட்டத்தாரின் சுவை உலகச் சுவையாயிற்று. மாயக் கதையென்றால் சிறுவர்க்குரியதென்று ஒதுக்கியிருந்தோரும் அதைப்பற்றி உணவு மேசையிற் பேசலாயினர்.

இவ்வெள்ளத்திலேதான் 'கிரிம்டார்க்' என்னும் சொல் பரவிற்று. 1987ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்த 'வோர்ஹாமர் 40,000' என்னும் மேசைப் போர் விளையாட்டின் விளம்பர வாசகத்திலிருந்து பிறந்த சொல் அது. கொடூரமும் இருளும் சேர்ந்தது என்பது பொருள். முதலில் ஏளனமாகச் சொல்லப்பட்டது. பின்னர் விருதுபோல அணியப்பட்டது. 2006ஆம் ஆண்டில் தம் முதல் நவீனத்தை வெளியிட்ட பிரித்தானிய ஆசிரியர் ஜோ அபர்குரோம்பி, தம்மை 'கிரிம்டார்க் பிரபு' என்று அழைத்துக்கொண்டார். அவருடைய முதல் முக்கதையிலே, சித்திரவதையால் முடமாகி, பின்னர் தானே சித்திரவதை செய்யும் உத்தியோகத்தனாகிய ஒருவன் மறக்கவொண்ணாத பாத்திரம். வெண்தாடிப் பெரியாராய், ஞானியாய், வழிகாட்டியாய் வரும் மந்திரவாதியே யாவரையும் பொம்மைகளாக ஆட்டிவைக்கும் கொடுங்கோலன் என்பது இறுதியிலே வெளிப்படும். டொல்கினின் உலகிலே நம்பத்தக்கவராயிருந்த முதியவரை நோக்கி எய்த அம்பு அது. 2011ஆம் ஆண்டில் மார்க் லோரன்ஸ் ஒருபடி மேலே சென்றார். தாயும் தம்பியும் கொலையுண்ணக் கண்ட சிறுவன், கொள்ளையர் தலைவனாகிக் கிராமங்களை எரிக்கிறான், அவனே கதைத்தலைவன்.

அதே ஆண்டில் அமெரிக்கக் கட்டுரையாளர் ஒருவர், இப்புதிய ஆசிரியர்கள் முன்னோர் விட்டுச்சென்ற உயரிய மரபை இழிவுபடுத்துகின்றனர் எனச் சினந்தெழுதினார். அபர்குரோம்பி அதற்கு நகைச்சுவையோடு மறுமொழி எழுதினார். எனக்கு இருவரும் ஒவ்வொரு வகையிற் சரியென்றே தோன்றுகிறது. கொடுமையைக் காட்டுதல் இழிவன்று. நம் கலிங்கத்துப்பரணியிலே பேய்கள் போர்க்களத்திற் பிணங்கொண்டு கூழ் அடுவதைப் படித்து வளர்ந்த நமக்கு, இருட்சுவை புதியதென்று சொல்லவும் இயலாது. ஆனால் காட்டுவதற்கும் கடை விரிப்பதற்கும் வேறுபாடுண்டு.

அவ்வேறுபாட்டை வாசகரே முதலிற் கண்டனர். நல்லவர் மாள்வது முதன்முறை நம்மை உலுக்கும். பத்தாம் முறை, "இவன் நல்லவன், ஆகவே மாளப்போகிறான்" என்று வாசகன் முன்கூட்டியே சொல்லிவிடுவான். எதிர்பாராததே வாய்பாடாகிவிட்டால் அச்சமும் அகன்றுவிடும்; எஞ்சி நிற்பது இளிவரல் ஒன்றே. அன்றியும், உண்மையைக் காட்டுகிறோம் என்று கூறிய இக்கதைகளிற் பல, பெண்கள்மீது நிகழும் வன்முறையை அலங்காரப் பொருளாக்கிவிட்டன. 2015ஆம் ஆண்டிலே அத்தொலைக்காட்சி நாடகத்தின் ஐந்தாம் பருவத்தில், இளம்பெண்ணொருத்தியின் மணவிரவுக் காட்சி பெருங்கண்டனத்துக்குள்ளாயிற்று. "பழங்காலத்தில் இவ்வாறுதான் நடந்தது" என்பது வழக்கமான சமாதானம். நெருப்புமிழும் பறவைநாகங்கள் பறக்கும் உலகிலே, பெண்ணுக்கு மாத்திரம் பழங்காலத்தின் கொடுமை ஏன் விலக்கின்றி நடைபெற வேண்டும் என்று வாசகியர் கேட்டனர். அவ்வினாவுக்கு நல்ல விடையில்லை.

மாற்றம் அதற்கு முன்னரே அரும்பியிருந்தது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த கதரின் அடிசனின் 'பூதகுலச் சக்கரவர்த்தி' என்னும் நவீனத்தில், ஒதுக்கி வளர்க்கப்பட்ட இளையமகன் ஒருவன், தந்தையும் தமையன்மாரும் விபத்தில் மடிந்ததால் திடீரெனச் சக்கரவர்த்தியாகிறான். சூழ்ச்சியும் கொலைமுயற்சியும் அவனைச் சூழ்கின்றன. அவன் கையாளும் கருவியோ இரக்கம் ஒன்றே. மார்ட்டினின் உலகமாயின் அவன் ஒரு வாரம் உயிர்தரித்திருக்க மாட்டான். இங்கே பிழைத்திருக்கிறான், அதுவும் நம்பத்தக்க முறையிற் பிழைத்திருக்கிறான். 2017ஆம் ஆண்டில் அலெக்சாண்ட்ரா ரோலண்ட் என்னும் எழுத்தாளர், கிரிம்டார்க்குக்கு எதிர்ச்சொல்லாக 'ஹோப்பங்க்' என்றொரு சொல்லைப் படைத்தார். விடாது போராடும் நம்பிக்கை என அதனை விளக்கலாம்.

2020ஆம் ஆண்டில் உலகம் பெருந்தொற்றினால் முடங்கிய பின்னர், இப்போக்கு பெருகிற்று. என் பேர்த்தி தந்த கோப்பிக் கடைக் கதை, நூல்களை ஒலிப்பதிவுக்காக வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த டிராவிஸ் போல்ட்றீ என்பவர் 2022ஆம் ஆண்டிலே சொந்தமாக வெளியிட்டது. சில மாதங்களிற் பெரும் பிரசுராலயமொன்று அதனை ஏற்றது. உலகைக் காப்பது எப்படி என்பதன்று அங்கே வினா. கடை நிலைக்குமா, நண்பர் நிலைப்பரா என்பதே. மறுபுறத்தே, காதலும் மாயமும் கலந்த நவீனங்கள் டிக்டொக் முதலிய தளங்களின் வாயிலாகப் பரவின. பறவைநாகம் ஏறிப் போர்புரியும் மாணவர்களைப் பற்றிய ரெபெக்கா யாரோஸின் தொடரில், 2025ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பாகம், முதல் வாரத்தில் அமெரிக்காவிலே 25 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. அங்கும் கொலையும் போரும் உண்டு. ஆனால் வாசகியர் தேடிச் செல்வது காதலையே. எட்டு மெய்ப்பாட்டிற் கடைசியாகிய உவகை, முன்வரிசைக்கு வந்துவிட்டது.

அப்படியாயின் இருண்ட கதைகள் ஒழிந்தனவா? இல்லை, அவை கைமாறின. இதுவே நான் கண்டவற்றுள் முதன்மையானதென்று கருதுவது. என். கே. ஜெமிசின் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நவீனம், தன் சிறுமகன் தந்தையாலேயே அடித்துக் கொல்லப்பட்டுக் கிடப்பதைக் காணும் தாயொருத்தியோடு தொடங்குகிறது. அதைவிட இருண்ட தொடக்கம் வேறுண்டோ? அம்முக்கதையின் மூன்று பாகங்களும் 2016, 2017, 2018ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து ஹியூகோ விருது பெற்றன. அதற்குமுன் எவரும் அவ்வாறு பெற்றதில்லை. 2018ஆம் ஆண்டில், சீனாவிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஆர். எப். குவாங், 1937ஆம் ஆண்டு நான்ஜிங் நகரிலே நிகழ்ந்த படுகொலையை மாயவுலகக் கதையாக்கி எழுதினார். அந்நூலின் நடுப்பகுதியை ஒரே மூச்சிற் படிக்க என்னால் இயலவில்லை. இருமுறை மூடி வைத்துவிட்டே படித்தேன். ஆனால், அங்கே ஒரு கொடுமையும் வாசகனைத் திடுக்கிடச் செய்வதற்காகச் சொல்லப்படவில்லை. நடந்ததை மறக்கவிடலாகாது என்னும் உறுதியாற் சொல்லப்படுகிறது.

ஆகவே, வாசகர் இருளை வெறுத்துவிட்டனர் என்பது பிழையான முடிவு. காரணமில்லாத இருளையே அவர்கள் கைவிட்டனர். தொழுநோயாளனின் கதையிலே குற்றத்துக்குக் கணக்கு உண்டு. கூலிப்படை வைத்தியனின் கதையிலே களைப்புக்குச் சாட்சி உண்டு. பின்வந்த போலிகளில் இருள் சட்டையாக இருந்தது. சட்டை பழசானவுடன் கழற்றப்பட்டது. இதே விதி இன்றைய இனிப்புக்கும் பொருந்தும். கோப்பிக் கடைக் கதை ஒன்று மனத்துக்கு இதமளிக்கிறது. நூறு கடை திறந்தால், அவற்றுள் எத்தனை கடையிற் கோப்பி இருக்கும், எத்தனை கடையில் வெறும் வெந்நீர் இருக்கும் என்பதை இன்னும் பத்தாண்டிலே காண்போம்.

இனி, என் வீட்டு விடயத்துக்கு மீள்கிறேன்.

கோப்பிக் கடைக் கதையைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஆறு ஆண்டுகளாக என் தொண்டையிலே நின்ற கேள்வியைக் கேட்டேன். "அன்றைக்கு நான் வேண்டாமென்ற புத்தகத்தை, பிறகு படித்தாயா, பிள்ளை?"

"ஐந்து பாகமும் படித்தேன், அம்மப்பா. உங்களுக்குத் தெரியாமல் சிநேகிதி வீட்டில் வைத்துப் படித்தேன்" என்றாள்.

"அப்படி என்ன அதிலே?"

"அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததென்று தெரியவேண்டாமா? நீங்கள் தள்ளிவிட்ட பக்கத்தோடு மூடிவிட்டீர்கள். அவன் சாகவில்லை."

அதன்பின் அவள் சொன்ன கதையை, நான் சிறுபிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்குழந்தை பிழைத்துக்கொள்கிறான். கால்கள் இரண்டும் செயலிழந்துவிடுகின்றன. இனிக் குதிரையேறவும் இயலாதென்று வாடிக்கிடக்கிறான். அப்பொழுது, குள்ளன் என்று ஊரார் இகழும் ஒருவன் வருகிறான். நடவாத கால்களை உடையவனும் ஏறிச் செல்லத்தக்க சேணமொன்றின் வரைபடத்தைக் கொடுத்துச் செல்கிறான். அக்குள்ளன் வேறு யாருமல்லன். குழந்தையைத் தள்ளியவனின் உடன்பிறந்த தம்பி. கொடுமையும் கருணையும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன.

"எனக்கு அந்தச் சேணந்தான் ஞாபகம் இருக்கிறது. தள்ளினது அவ்வளவாக இல்லை" என்றாள்.

நான் ஒரு பக்கம் படித்துத் தீர்ப்புக் கூறினேன். பதினாறு வயதுப் பெண், தீர்ப்புக் கூறாது மேலே படித்தாள். குழந்தை வீழ்ந்த இடத்திலே நான் நூலை மூடச் சொன்னேன். வீழ்ந்த குழந்தை என்னவானான் என்று தேடி அவள் தனியே சென்றாள். அவளோடு நானும் சென்றிருக்கலாம். பெற்றோரும் பேரனாரும் பாட்டியாருமாகிய அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: பிள்ளைகளின் கையில் அச்சந்தரும் நூலைக் கண்டால், பறிக்குமுன்னர், "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். விடை நன்றாயிருந்தால் நீங்களும் படிக்கலாம். நன்றாயில்லையெனின், அதை அவர்களே உணர்ந்து சொல்லவும் இடமுண்டு. கேட்காமற் பறித்தால் நூல் வீட்டைவிட்டுப் போகும். பேச்சும் அதனோடு போய்விடும்.

விடுமுறை முடிந்து அவள் போகும்போது, முதற்பாகத்தை என் மேசைமீது வைத்துவிட்டுப் போனாள். எழுத்து மிகச் சிறிது; என் கண்ணாடிக்கு அது சோதனைதான். நாளொன்றுக்கு இருபது பக்கமாகப் படித்து வருகிறேன். இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியிலே அழைத்து, "இப்போது எந்த இடம், அம்மப்பா?" என்று கேட்கிறாள். நேற்றுச் சேணம் வந்த இடத்தைத் தாண்டினேன்.